மெட்டாலிகாவின் 'லோட்': த்ராஷ் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த ஆல்பத்தை எப்படிக் கேட்கிறீர்கள்?

காட்பாடி_கிதார் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பேண்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது, விஷயம் தெரிந்த பெரியவர்கள் யாராவது வந்து பேசினால் நல்லது. நாங்கள் காட்பாடிப் பக்கத்துக் கல்லூரிப் பசங்கள். அமெரிக்க மெட்டல் பேண்ட் மெட்டாலிகாவில் 'கில் எம் ஆல்' (1983) தொடங்கி 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (1988) வரைக்கும் நாலு த்ராஷ் (அதிவேக மெட்டல்) ஆல்பமும் எங்களுக்கு மனப்பாடம். 1991இல் வந்த கறுப்பு அட்டை ஆல்பத்திலும் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. 1996இல் வந்த 'லோட்' என்று வாயைத் திறந்தால் போதும், ரூமில் ரெண்டு கட்சி ஆகிவிடுகிறது.

எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். 2025 ஜூனில் ரீமாஸ்டர் பண்ணித் திரும்ப வெளியிட்டார்கள் இல்லையா, அதிலிருந்து ஹெட்போன் போட்டு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தாவாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'ப்ளீடிங் மீ'யில் அந்தக் கனமான பகுதி வந்து விழும்போது எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது. எங்கள் டிரம்மர் இதை ஒத்துக்கொள்வதே இல்லை. "இது மெட்டாலிகாவே கிடையாது, முடியை வெட்டிக்கிட்டு ரேடியோவுக்குப் பாடினது" என்கிறான். கல்லூரி விழாவுக்கு இதிலிருந்து ஒரு பாட்டு எடுக்கலாம் என்றால் ஸ்டிக்கைக் கீழே வைத்துவிடுகிறான்.

என் கேள்வி இதுதான். ஒரு த்ராஷ் பேண்ட் இப்படித் தன் வாசிப்பையே மாற்றிக்கொண்டு போகும்போது, அந்த ஆல்பத்தை எதை வைத்து எடைபோடுவது? பழைய ஆல்பங்களோடு ஒப்பிட்டா, தனியாக எடுத்தா? 'லோட்'டில் உங்களுக்கு நிற்கிற பாட்டு எது, நிற்காத பாட்டு எது, ஏன்? "நல்லா இருக்கு", "மொக்கை" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், காரணத்தோடு சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை_ரிஃப் எழுதியது:

தம்பி, நான் உன் டிரம்மர் கட்சி. ஆனால் அவன் சொல்கிற காரணம் எனக்கு ஒத்துவராது. முடி வெட்டினது, ஆன்டன் கார்பைன் எடுத்த போட்டோக்களில் கண்ணுக்கு மை பூசிக்கொண்டு நின்றது, பழைய லோகோவின் கூர்முனைகளை மழித்தது, அந்த வருஷம் லாலபலூசா ராக் திருவிழாவில் போய் வாசித்தது, இதெல்லாம் காதுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். என் குறை பாட்டில்தான் இருக்கிறது.

முதல் குறை நீளம். 14 பாட்டு, ஏறக்குறைய 79 நிமிடம். ஒரு சிடியில் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவையும் ரொப்பி வைத்திருக்கிறார்கள். 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' எட்டே பாட்டு, 55 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அதில் எதையாவது எடுத்துவிடலாம் என்று யாராவது சொல்ல முடியுமா? இங்கே 'டூ பை ஃபோர்', 'புவர் ட்விஸ்டட் மீ', 'ரோனி' மூன்றையும் எடுத்துவிட்டுக் கேட்டுப் பார், ஆல்பத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. கடைசிப் பாட்டு 'தி அவுட்லா டோர்ன்', ஆல்பத்தின் உச்சமே அதுதான், அதன் முடிவில் கிட்டத்தட்ட ஒரு நிமிடத்தை வெட்டினார்கள், காரணம் சிடியில் இடம் இல்லை. முழு வடிவத்தை அப்புறம் 1997இல் 'தி மெமரி ரிமெய்ன்ஸ்' சிங்கிளில்தான் போட்டார்கள். 'ரோனி'யை வைத்துக்கொண்டு இதன் வாலை வெட்டுகிறவர்களுக்குத் தங்கள் பாட்டில் எது முக்கியம் என்று தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

ரெண்டாவது குறை அந்த வலது கை. பாடகரும் கிதாரிஸ்டுமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் டவுன்பிக்கிங்கை, அதாவது தந்தியைக் கீழ்நோக்கி மட்டும் அடிப்பதை, கேட்டுத்தான் என் மாதிரி ஆட்கள் கிதாரையே தொட்டோம். 'மாஸ்டர்' பாட்டை முழுக்கக் கீழ்வாட்டத்தில் மட்டும் அடித்துப் பார்த்தவனுக்குத் தெரியும், முழங்கை வரைக்கும் எரியும். 'லோட்'டில் அந்தக் கைக்கு வேலையே இல்லை. ப்ளூஸ், அமெரிக்கத் தென்மாநில ராக், ஒரு துளி கன்ட்ரி, எல்லாம் நடுத்தர வேகம். 'வேஸ்டிங் மை ஹேட்' மட்டும் கொஞ்சம் ஓடுகிறது. மாறக்கூடாது என்று நான் சொல்லவில்லை, மாறினால் மாறின இடத்தில் ஆழமாகப் போகணும், இவர்கள் பாதி ஆல்பத்தில் மேலோட்டமாக வாசித்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

சத்துவாச்சாரி_டிரம்ஸ் எழுதியது:

ராணிப்பேட்டைக்காரர் 'அவுட்லா டோர்ன்' பற்றிச் சொன்னதில் மறுபேச்சே இல்லை. ஆனால் "மேலோட்டமாக" என்ற வார்த்தையை நான் விடமாட்டேன்.

காட்பாடித் தம்பி, உங்கள் டிரம்மரை ஒரு வேலை செய்யச் சொல். 'ஜஸ்டிஸ்' ஆல்பத்து 'டயர்ஸ் ஈவ்' பாட்டில் ரெண்டு காலாலும் அடிக்கிற டபுள் பேஸை அவன் அடித்திருப்பான், பயிற்சி பண்ணினால் அது வரும், காலுக்குப் பழக்கம். இப்போது 'ப்ளீடிங் மீ'யை, தாளம் காட்டுகிற மெட்ரோனோம் போட்டு அடிக்கச் சொல். எட்டு நிமிடத்துக்கு மேல் போகிற பாட்டு. மூன்றாவது நிமிடத்திலேயே பையன் முன்னால் ஓட ஆரம்பிப்பான், பந்தயம் கட்டுகிறேன். ரெண்டு அடிக்கு நடுவே இருக்கிற வெற்று இடத்தைப் பொறுமையாக விட்டுவைக்க வேண்டும், அதை நிரப்பாமல் இருக்க வேண்டும், பிறகு கனமான பகுதி வரும்போது அதே நிதானத்தோடு சத்தத்தை மட்டும் ஏற்ற வேண்டும். மெட்டாலிகா டிரம்மர் லார்ஸ் உல்ரிச்சை ஆயிரம் பேர் குறை சொல்கிறார்கள், இந்த ஆல்பத்தில் அவர் தாளத்தைப் பிடித்து நிற்கிற விதத்தைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு.

அடுத்தது கிதார். முந்தின ஆல்பங்களில் பாட்டைத் தாங்கிப் போகிற ரிதம் கிதார் மொத்தமும் ஜேம்ஸ் ஒருவரே அடுக்கடுக்காகப் பதிவு செய்தது, அதனால்தான் அது ஒரே சுவர் மாதிரிக் கேட்கும். 'லோட்'டில்தான் முதல்முறையாக இன்னொரு கிதாரிஸ்ட் கர்க் ஹேமட்டும் ரிதம் வாசிக்கிறார். ஹெட்போனில் இடது காதையும் வலது காதையும் மாற்றி மாற்றிக் கழற்றிக் கேட்டுப் பாருங்கள், ரெண்டு பேரும் ஒரே மாதிரி வாசிக்கவில்லை, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் நுழைகிறார். ரெண்டு ஆட்கள் ஒரு ரூமில் நின்று வாசிக்கிற உணர்வு அதனால்தான் வருகிறது. இதைச் சுவரோடு ஒப்பிட்டு "கனம் போச்சு" என்றால் எப்படி? தயாரிப்பாளர் அதே பாப் ராக்தான், 1991இல் கறுப்பு ஆல்பத்தை அப்படி இறுக்கிக் கட்டினவர். இங்கே தளர்த்தியிருக்கிறார் என்றால் தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

அப்புறம் ட்யூனிங், அதாவது கிதார் சுருதி. ஆல்பம் முழுக்க வழக்கத்தைவிட அரை ஸ்வரம் கீழே, ஈ ஃப்ளாட். கறுப்பு ஆல்பம் பதிவின்போது ஜேம்ஸின் குரல் கெட்டுப்போய், அதற்கப்புறம் குரல் பயிற்சிக்குப் போய் வந்தவர் அவர். கத்துவதை விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தது அங்கேதான், அந்தக் குரல் முழுசாக விரிந்தது 'லோட்'டில். 'ஹீரோ ஆஃப் தி டே' தொடக்கத்தைக் கேளுங்கள், 'கில் எம் ஆல்' பாடிய அதே தொண்டையா இது என்று இருக்கும்.

'டூ பை ஃபோர்' பற்றி ராணிப்பேட்டையோடு நான் சண்டைக்கு வரவில்லை. 'கிங் நத்திங்'கைச் சேர்த்துக் குறை சொல்லியிருந்தால் வந்திருப்பேன்.

பாகாயம்_நைட்ஷிஃப்ட் எழுதியது:

நான் இசைக்கருவி எதுவும் வாசிப்பவள் இல்லை. நர்ஸ். எங்கள் ஹாஸ்டலில் மிசோரத்திலிருந்து வந்த தோழி ஒருத்தி கேசட்டோடு கொடுத்த பழக்கம் இது, இன்னும் விடவில்லை. இங்கே வேகம், ட்யூனிங் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அந்த ஆல்பம் எதைப் பற்றிப் பாடுகிறது என்று ஒருவரும் எழுதவில்லையே.

ஜேம்ஸின் அம்மா புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு 16 வயது. கிறிஸ்டியன் சயன்ஸ் என்ற நம்பிக்கைப் பிரிவில் இருந்த குடும்பம், மருந்து மாத்திரை, சிகிச்சை எல்லாவற்றையும் மறுக்கிற பிரிவு அது. அப்பா அதற்கு முன்பே வீட்டை விட்டுப் போய்விட்டவர், ரொம்பக் காலம் கழித்துத்தான் மகனோடு ஒட்டினார், அவரும் 1996 கடைசியில், 'லோட்' வந்த அதே வருஷம், புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். இதைத் தெரிந்துகொண்டு 'அன்டில் இட் ஸ்லீப்ஸ்' கேளுங்கள். உடம்புக்குள் குடியிருக்கிற வலியை ஒரு ஆள் மாதிரி எதிரே நிறுத்திப் பேசுகிற பாட்டு. முதலில் குரல் தாழ்ந்து வருகிறது, பேஸ் கிதார்தான் முன்னால் நிற்கிறது, பிறகு திடீரென்று மொத்தமும் வெடிக்கிறது, மறுபடி அடங்குகிறது, மறுபடி வெடிக்கிறது.

வேலூரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கிற தெருக்களில் லாட்ஜ் போர்டுகள் வங்காளத்திலும் இந்தியிலும் எழுதியிருக்கும், எங்கெங்கிருந்தோ வந்து மாதக்கணக்கில் அறை எடுத்து, அங்கேயே சோறு பொங்கிக்கொண்டு, அம்மாவையோ அப்பாவையோ பார்த்துக்கொள்கிற பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளை ராத்திரியில் வார்டு வராந்தாவில் பார்ப்பேன். ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு, ரெண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். காலையில் ஒரு சின்ன விஷயத்துக்கு, பில் கவுன்ட்டரில் வரிசை நகரவில்லை என்பதற்கு, அப்படிக் கத்துவார்கள். உடனே அடங்கி மன்னிப்புக் கேட்பார்கள். அந்தப் பாட்டு போகிற போக்கு அப்படியே இதுதான். வேகமாக வாசித்திருந்தால் கோபம் மட்டும் வந்திருக்கும், அந்த அடங்குகிற பகுதி வந்திருக்காது.

இன்னொன்று. இவர் அம்மா அப்பாவைப் பற்றி முதல்முறை பாடுவது இதில் இல்லை. சத்துவாச்சாரி அண்ணன் சொன்ன 'டயர்ஸ் ஈவ்' (1988) பெற்றவர்களுக்கு எழுதின கடிதம் மாதிரிதான் தொடங்கும், அந்த ஆல்பத்திலேயே வெறிபிடித்த வேகம் அதற்கு, முழுக்கக் குற்றச்சாட்டு. 1991இல் 'தி காட் தட் ஃபெயில்டு', அம்மாவைக் காப்பாற்றாத அந்த நம்பிக்கையின் மேல் கோபம், வேகம் பாதியாகிவிட்டது. 1996இல் 'மாமா செட்', கிட்டத்தட்டக் கன்ட்ரிப் பாட்டு, அம்மாவிடமே உட்கார்ந்து பேசுகிறார். அதே ஆள், அதே அம்மா. வயது ஏற ஏறக் குரல் மாறினது, அதோடு தாளமும் மாறினது. "ரேடியோவுக்குப் பாடினது" என்று சொல்கிற அந்தத் தம்பி இந்த மூன்று பாட்டையும் வரிசையாக ஒருமுறை கேட்கட்டும்.

ராணிப்பேட்டை_ரிஃப் எழுதியது:

நைட்ஷிஃப்ட் அக்கா, 'மாமா செட்' பற்றி இதைவிட நல்ல வாதத்தை நான் படித்ததில்லை, உண்மையாகச் சொல்கிறேன். அந்த மூன்று பாட்டு வரிசையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இது 'லோட்'டின் நாலைந்து பாட்டுக்குத்தான் பொருந்தும். 'தி ஹவுஸ் ஜாக் பில்ட்'டும் 'புவர் ட்விஸ்டட் மீ'யும் எந்தத் துக்கத்திலிருந்து வந்தன? அவற்றையும் நான் முதலில் சொன்னவற்றையும் எடுத்துவிட்டுப் பத்துப் பாட்டோடு விட்டிருந்தால், இந்தத் துக்கம் கேட்கிறவனுக்கு நேராகப் போய்ச் சேர்ந்திருக்கும், முப்பது வருஷமாக இப்படி ஆளாளுக்குச் சண்டை போட வேண்டியிருக்காது. நீளம் பற்றின என் பேச்சில் மாற்றமில்லை.

ஆம்பூர்_ஹெட்போன் எழுதியது:

எல்லோரும் மெட்டாலிகாவை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள், அந்தக் காலத்தில் பல த்ராஷ் பேண்டுகள் இதே வேலையைச் செய்தன. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

மெகாடெத் 1999இல் 'ரிஸ்க்' போட்டது. நாஷ்வில்லில் பதிவு, டான் ஹஃப் தயாரிப்பு. 'க்ரஷ் எம்' மாதிரி பாட்டெல்லாம் விளையாட்டு மைதானத்தில் கூட்டம் கத்துவதற்காகவே செய்தது போல இருக்கும். கிதாரிஸ்ட் மார்ட்டி ஃப்ரீட்மன் அதோடு பேண்டை விட்டே போனார். பேண்டின் தலைவர் டேவ் மஸ்டெய்ன் 2001இல் 'தி வேர்ல்டு நீட்ஸ் எ ஹீரோ' போட்டுப் பழைய வழிக்குத் திரும்பப் பார்த்தார். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்துக் க்ரியேட்டர் அதே 1999இல் 'எண்டோரமா' போட்டது, இது கோதிக் பக்கம் சாய்ந்த ஆல்பம், தலைப்புப் பாட்டில் லாக்ரிமோசா பேண்டின் டிலோ வோல்ஃப் சேர்ந்து பாடுகிறார், க்ரியேட்டரின் பாடகர் மில்லே பெட்ரோசா நிறைய இடங்களில் கத்தாமல் பாடுகிறார். எனக்கு ரொம்பப் பிடித்த ஆல்பம், யாரும் பேசுவதில்லை என்பது வருத்தம், 'கோல்டன் ஏஜ்' ஒன்றையாவது கேளுங்கள். அவர்களும் 2001இல் 'வயலன்ட் ரெவல்யூஷன்' என்று முழு த்ராஷுக்குத் திரும்பிவிட்டார்கள்.

மெட்டாலிகா திரும்பவில்லை. அடுத்த வருஷமே, 1997 நவம்பரில், அதே காலத்தில் எழுதின மிச்சப் பாட்டுகளை வைத்து 'ரீலோட்' போட்டார்கள். 1999இல் மைக்கேல் கேமன் நடத்த சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பொனியோடு வாசித்த 'எஸ் அண்ட் எம்' எடுத்துப் பாருங்கள், 'ஹீரோ ஆஃப் தி டே', 'ப்ளீடிங் மீ', 'அன்டில் இட் ஸ்லீப்ஸ்', 'அவுட்லா டோர்ன்' என்று 'லோட்'டிலிருந்து நாலு பாட்டு, 'கில் எம் ஆல்' ஆல்பத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. 'லோட்' வெளியான முதல் வாரமே அமெரிக்காவில் 6,80,000 பிரதி போன ஆல்பம் என்பதால் காசுக்காகச் செய்தார்கள் என்பது சுலபமான பேச்சு. காசு மட்டும்தான் கணக்கு என்றால் கறுப்பு ஆல்பத்தையே இன்னொரு முறை செய்திருப்பார்கள், ஒன்பதே முக்கால் நிமிடப் பாட்டை வைத்து ஆல்பத்தை முடித்திருக்க மாட்டார்கள்.

2011 அக்டோபரில் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிகா வந்து வாசித்தார்களே, அன்று காட்பாடியிலிருந்து ரயில் ஏறிப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். பெட்டியில் பாதி பேர் கறுப்பு டீ ஷர்ட். அங்கேயும் இதே சண்டைதான், ஜோலார்பேட்டை வரைக்கும் ஓயவில்லை. ஆக இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசாமல் நம்மால் இருக்க முடியவில்லை. 'ரிஸ்க்' பற்றி அப்படி யார் பேசுகிறார்கள், சொல்லுங்கள்.

காட்பாடி_கிதார் எழுதியது:

அண்ணன்மார்களுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. டிரம்மரைப் பக்கத்தில் உட்கார வைத்து மொத்தத்தையும் படித்துக் காட்டினேன். அக்கா சொன்ன மூன்று பாட்டையும் வரிசையாகப் போட்டோம். 'மாமா செட்' முடியும்வரை அவன் குறுக்கே பேசவில்லை, எழுந்தும் போகவில்லை. "பாட்டு புரியுது, ஆனா இதை மேடையில வாசிச்சா கூட்டம் கலைஞ்சிடும்" என்பது இப்போதைய வாதம். கல்லூரி விழாவில் எங்களுக்குக் கிடைப்பது கால் மணி நேரம்கூட இல்லை, அதில் மைக், ஒயர் சரிபார்க்கிற லைன் செக் வேறு. நான் 'ப்ளீடிங் மீ' என்கிறேன், அவன் போனால் போகட்டும் 'கிங் நத்திங்' என்கிறான். எங்கள் ஜேம்ஸ் (பாடுகிற பையனை அப்படித்தான் கூப்பிடுகிறோம்) 'அன்டில் இட் ஸ்லீப்ஸ்' என்கிறான். எதை எடுக்கலாம்?

ராணிப்பேட்டை_ரிஃப் எழுதியது:

கால் மணி நேரத்தில் எட்டு நிமிடப் பாட்டை வைக்காதே தம்பி. 'கிங் நத்திங்' எடு. அஞ்சரை நிமிடம்தான், பேஸில் தொடங்குகிறது, கூட்டம் உடனே திரும்பிப் பார்க்கும், முடிவில் கறுப்பு ஆல்பத்து 'என்டர் சாண்ட்மேன்' வரி ஒன்று எட்டிப்பார்க்கிறதே, அதைக் கண்டுபிடித்துவிட்டால் பசங்கள் கத்துவார்கள். அதை ஒட்டியே நிறுத்தாமல் 'மாஸ்டர்' ஆல்பத்து 'பேட்டரி'க்குள் போய்விடு, உங்கள் டிரம்மருக்கும் மனசு ஆறும்.

பாகாயம்_நைட்ஷிஃப்ட் எழுதியது:

பாடுகிற தம்பிக்கு அந்தக் குரல் இருந்தால் 'அன்டில் இட் ஸ்லீப்ஸ்'. நாலரை நிமிடம்தான் வரும். கூட்டம் கலையும் என்று பயப்படாதீர்கள். உங்கள் கல்லூரியிலும் யார் யார் வீட்டில் என்னென்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

சத்துவாச்சாரி_டிரம்ஸ் எழுதியது:

ரெண்டையும் எடுங்கள். 'கிங் நத்திங்', 'அன்டில் இட் ஸ்லீப்ஸ்', சேர்த்துப் பத்து நிமிடம், ரெண்டுக்கும் ஒரே ஈ ஃப்ளாட், நடுவில் கிதார் மாற்ற வேண்டாம். 'பேட்டரி' வேண்டுமென்றால் அதையும் அரை ஸ்வரம் இறக்கியே வாசித்துக்கொள்ளுங்கள், பாடுகிறவனுக்கும் அது சுலபம். கொஞ்சம் தடித்த ஸ்டிரிங் போடுங்கள், இறக்கினபிறகு மெல்லிய ஸ்டிரிங் தளர்ந்து கரகரக்கும், அதிலும் நம்ம ஊர் வெயிலில் திறந்தவெளி மேடையில் பத்து நிமிடத்துக்குள் சுருதி நழுவிவிடும், ட்யூனரைக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். 'ப்ளீடிங் மீ'யை ரிஹர்சலில் மட்டும் வாசியுங்கள், டிரம்மருக்காக. நிகழ்ச்சி தேதியை இங்கே போடு தம்பி, ராணிப்பேட்டைக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.